விவிலியத்து இறைநாமப் பொருள்

பெயரில்லா ஒருவனுக்கு எண்ணிறந்த பெயர் சொல்லிப் பரவுதல் சைவர் நெறி. மணிவாசகப் பெருமான் திருத்தெள்ளேணத்தில் இதனை அருளிச்செய்தனர். ஆகலின், இறைவனுக்குப் பெயர் யாது என்னும் வினா யூத வேதத்தில் எங்ஙனம் விடைபெற்றது என்பதை ஆராய்தல் நமக்குப் புறம்பாகாது.

யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில், எரிந்தும் கரியாத முட்புதரில் வெளிப்பட்ட இறைவனை மோசே பெயர் வினவுகின்றார். விடையாகக் கிடைத்த சொல் 'எஹ்யே' என்பது. இது தன்மை வினை. 'இருக்கின்றேன்' எனவும் 'இருப்பேன்' எனவும் பொருள்படும். இதனோடு தொடர்புடையதே யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கெழுத்துத் திருநாமம். எபிரேய வேதத்தில் இது 6,800 முறைக்குமேல் வருகின்றது. எபிரேயர் மெய்யை மாத்திரம் எழுதுவர். உயிரொலியை ஓதுவோரே கூட்டுதல் வேண்டும். நாமத்தின் பெருமைக்கு அஞ்சி அதனை ஓதாது, 'ஆண்டவர்' என்னும் பொருளுடைய 'அதோனாய்' என்றே வாசித்து வந்தமையின் அதன் பழைய ஒலி மறைந்தது. பின்னர் அதோனாயின் உயிர்க்குறிகளை அந்நான்கு மெய்களோடு சேர்த்துப் படித்தமையால் பிறந்ததே 'யெகோவா' என்னும் வழக்கு. ஓருடலில் வேறோர் உயிர் புகுந்தது போலும்!

வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்தோர் 'எஹ்யே' என்பதை 'உள்ளவன்' என்னும் பொருள்பட மாற்றினர். கிறிஸ்தவ ஆசிரியர் பலர் இதனையே பற்றி, இறைவன் தூய உண்மைப்பொருள் என்றனர். தமிழிலோ நான்கெழுத்து நாமத்துக்குச் சீர்திருத்த சபையார் 'கர்த்தர்' என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பினர் 'ஆண்டவர்' என்றும் வழங்குவர். கர்த்தர் என்பது வினைமுதலைக் குறிக்கும். ஆண்டவர் என்பது உடைமையைக் குறிக்கும். 'இருத்தல்' என்னும் வேர்ப்பொருள் இரண்டிலும் இல்லை.

இனி, 'உள்ளவன்' என்பது நம் சத்தோ எனின், சுட்டியறியப்படுவது அசத்து, எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியம், இவ்விரண்டும் அல்லாததே சிவசத்து என்பது சிவஞானபோத ஆறாஞ் சூத்திரக் கருத்து. மோசேக்குக் கிடைத்த விடையும் சுட்டுக்கு இடங்கொடாது நிற்பது. வெறும் மௌனமும் அன்று. இவ்வளவில் ஒப்புமை உண்டு. ஆயினும் சத்து என்ற அளவில் நின்றுவிட்டால் உயிருக்கு வந்த பயன் யாது? கிரேக்க வழி நின்றார் பலர் கவனியாத ஒன்று ஈண்டு உளது. இரண்டு வாக்கியங்கட்கு முன், தமக்குத் தகுதியில்லை என்று மோசே பின்வாங்கியபோது, உடனிருப்பதாக இறைவன் உறுதி கூறும் இடத்தும் அதே 'எஹ்யே' வருகின்றது. எனவே அவ்விருப்பு தனித்த இருப்பன்று; உடனிருப்பு என்க. ஒன்றாய், வேறாய், உடனாய் என நாம் கூறும் மூன்றனுள் 'உடனாய்' என்பதற்கு இது அணித்து.

அதுபற்றி இரண்டும் ஒன்றே என்பார் விரைந்து கூறுவோராவர். அவ்வுடனிருப்பு ஒரு குலத்தார் எகிப்தினின்றும் விடுதலைபெறும் காலத்து மொழியப்பட்டது. நம் உடனாதலோ எல்லா உயிர்க்கும் அநாதி. மேலும் திருவைந்தெழுத்தில் உயிரைக் குறிக்கும் யகரம் நாமத்தினுள்ளேயே நிற்கின்றது. நான்கெழுத்தில் உயிரின் தொடர்பை இடம்நோக்கியே கொள்ளல் வேண்டும்.

கி.மு. 63இல் எருசலேம் ஆலயத்தின் அகத்தே புகுந்த உரோமத் தளபதி பொம்பேயு அங்கே திருவுருவம் எதுவும் காணவில்லை. மணிவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறையிலும், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில், கருவறைக்கண் இலிங்கம் இல்லை. ஆவுடை மாத்திரமே உண்டு. அருவாய் நிற்கும் அப்பெருமானுக்கு அங்கு வழங்கும் பெயர் ஆன்மநாதர். தன்னியல்பு இன்னதென்று கூறாமல், உயிர்க்குத் தலைவன் என்னும் தொடர்பு ஒன்றையே அப்பெயர் கூறுகின்றது.