ஒரு வாழ்வை நினைவுகூர்தல்

இறந்தவரை நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் கடனா, இருப்பவர்கள் தேடிக்கொள்ளும் ஆறுதலா என்பது பழைய கேள்வி. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நீதிமன்றத்தில் வாதாடி, விடியற்காலையில் நெடுந்தூரம் ஓடி, மனைவி மக்களே உலகமென வாழ்ந்த ஒரு வழக்கறிஞர் மறையும்போது அக்கேள்வி கூர்மையடைகிறது. அவருடைய வழக்குகளை வேறொருவர் ஏற்று நடத்துவார். ஓடிய உடல் மண்ணோடு போகும். வீடு அவரின்றி நடக்கப் பழகும். அப்படியானால் எஞ்சுவது எது, எதை நினைப்பது முறை? விழுப்புரம் மாவட்டத்து மண்ணிலேயே இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உள்ளன.

முதல் விடை சைவ சித்தாந்தத்தினுடையது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைத்தார். அந்நெறியில் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிர் தன் வினையைக் கழித்துப் பக்குவம் பெறுவதற்காக இறைவன் தந்தவை. வாதத்திறமும் ஓடும் உடலும் இல்லமும் உயிருக்குக் கிடைத்த கருவிகளே. அவற்றைக் கொண்டு அது அடைந்த பக்குவம் மட்டுமே உடன்செல்லும். ஆகவே வென்ற வழக்குகள் எத்தனை என்பதைவிட, வெற்றியும் தோல்வியும் அம்மனிதரை எப்படிப் பக்குவப்படுத்தின என்பதே நினைக்கத்தக்கது.

அதே ஊரில் நடந்த ஒரு வழக்கையும் பெரியபுராணம் கூறுகிறது. சுந்தரரின் மணத்தைத் தடுத்த முதியவர், சுந்தரரின் பாட்டனார் எழுதித் தந்ததாக ஓர் அடிமை ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைக் கிழித்தெறிந்தார். முதியவரோ திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் மூல ஓலையை எடுத்து வைத்தார். பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த அவையோர் முதியவர் பக்கம் தீர்ப்பளித்தனர். முதியவராக வந்த இறைவன் தம் அடியாரான சுந்தரரை ஆட்கொண்ட வரலாறு இது. முன்னோர் கொடுத்த வாக்கு பின்வந்தவரைக் கட்டும் என்னும் உண்மையும் இதனுள் இருக்கிறது. தந்தை நேர்மையாக நடத்திய தொழில் பிள்ளைகள் மீது ஒரு பொறுப்பாக இறங்குவதும் இவ்வகையே.

இரண்டாம் விடை சமணத்தினுடையது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கு ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைத் தெரிவிக்கிறது. பெயரும் நோன்பின் நாட்கணக்குமே அதன் சாரம். குலமோ செல்வமோ அதில் இடம்பெறவில்லை. நோன்பு உடலை விடுவதற்கு, ஓட்டம் உடலைப் பேணுவதற்கு, நோக்கம் வேறு. ஆயினும் மனம் உடலை ஆள்வது இரண்டுக்கும் பொது. 42.195 கிலோமீட்டர் மாரத்தானை ஓடி முடிப்பவருக்குப் பின்னால் பொருளாக எதுவும் மிஞ்சுவதில்லை. நாள்தோறும் சோம்பலை வென்ற உறுதியே அவர் ஈட்டியது, நினைக்கத்தக்கதும் அதுவே.

மூன்றாம் விடை செயலை முன்வைக்கிறது. நடுகல் நாட்டுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்தது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை, ஊர் கூடி உழைத்தே ஒருவரை நினைவில் நிறுத்தியது. இக்காலத்தில் பகுத்தறிவு இயக்கத்தார் சடங்குகளை விலக்கிப் படத்திறப்பு நடத்துகின்றனர். மறுமையைப் பேசாமல் மறைந்தவர் செய்த பணியைப் பேசுவது அதன் இயல்பு.

இவ்விடைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காணத் திருக்குறள் உதவுகிறது. இல்வாழ்வானின் கடமைகளுக்கு உரியோராக வள்ளுவர் ஐவரைச் சொல்கிறார்: தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். மறைந்த முன்னோர் முதலில் நிற்கின்றனர். தன்னைப் பேணுவதும் கடமையாகவே கடைசியில் நிற்கிறது. எனவே குடும்பத்துக்காக உழைத்தவர், அதிகாலையில் தனக்காக ஓடியவர் என்று ஒரே மனிதரை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. தன்னைப் பேணியதால்தான் பிறரைத் தாங்கினார்.

அவ்வாறு நினைவுகூர்வதற்கு உண்மை தேவை. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872 முதலே வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அவ்விதியைக் காக்கிறது. கண்டவர் கண்டதைச் சொல்ல வேண்டும். இரங்கலுரைக்கும் இந்நெறி பொருந்தும். மிகைப்படுத்திய புகழ் எவருக்கும் பொருந்தும் என்பதால் அதில் எவரும் தென்படுவதில்லை. பணம் தர இயலாத கட்சிக்காரருக்கு வாதாடியதையோ, பிள்ளையின் தேர்வு நாளில் வீட்டில் இருந்ததையோ கண்டவர் சொன்னால் அந்த ஒருவர் தெளிவாகத் தெரிவார்.

நினைவு சொல்லோடு முடியாமல் கடமையாகவும் மாற வேண்டும். மறைந்த வழக்கறிஞரின் குடும்பத்துக்கு உதவத் தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு வழக்கறிஞர் சேமநல நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. திதியும் படத்திறப்பும் நோக்கும் திசையும் இதுவே. இறந்தவருக்கு இனி எதுவும் தேவையில்லை என்று கொண்டாலும், அவர் தாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர் ஏற்ற கடமைகளும் இருக்கின்றன. அவற்றைத் தம் தோளில் ஏற்பவர்களே அவரை உண்மையாக நினைவுகூர்கின்றனர். ஆறுதல் அதன் பயனாகத் தானே வரும். கடன் என்பதே அதன் அடிப்படை.