சீம்பாலும் ஒப்பந்தமும்

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலம் பந்தயக் குதிரை வளர்ப்பிற்குப் பேர்பெற்றது. அங்கே பெட்டைக் குதிரையைக் குத்தகைக்கு விடும் வழக்கம் உண்டு. உரிமையாளர் தம் குதிரையை ஓர் ஈற்றுக் காலத்திற்கு மற்றொருவரிடம் ஒப்படைக்கிறார். பெற்றவர் அதனைப் பேணி, பொலிகுதிரையோடு சேர்த்து, பிறக்கும் குட்டியைத் தமதாக்கிக் கொண்டு, தாயைத் திருப்பித் தருகிறார். ஆடு மாடுகளை வாரத்திற்கு விடும் நம் சிற்றூர் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. ஆனால் நம்மவர் வாய்ச்சொல்லால் முடிப்பதை அவர்கள் பல பக்கங்களில் எழுதிக் கையொப்பமிடுகின்றனர்.

இது அவநம்பிக்கையின் அடையாளம் என்போரோடு நாம் உடன்படவில்லை. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். அதற்குள் தாய் இறக்கலாம், கரு சிதையலாம். உயர்சாதிப் பந்தயக் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் ஏற்கப்படுவதில்லையாதலால், பெட்டையே பொலிகுதிரை இருக்குமிடத்திற்குப் பயணம் செய்தாக வேண்டும். இழப்பு எவருடையது, மருத்துவச் செலவு எவருடையது என்பதை முன்னரே எழுதி வைப்பது, தன் நினைவையும் தன் நேர்மையையும் அளவுக்கு மீறி நம்பாத மனிதனின் தாழ்மையே. 2001ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கென்டக்கியில் மிகப் பல குதிரைகளின் கரு சிதைந்தது; ஒருவகைக் கம்பளிப்புழுவே காரணம் எனப் பின்னர் ஆய்வாளர் கருதினர். எவர் குற்றமும் இல்லாத அத்தகைய இழப்பில் எழுத்து பேருதவியாகும்.

எனினும் எழுத்து எட்டாத ஓரிடம் உண்டு. பொலிகுதிரைக் கட்டணத்தைப் பற்றிய ஒப்பந்தங்கள் பலவற்றில், குட்டி உயிரோடு பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்தால் வாக்கு நிறைவேறியதாகக் கொள்ளப்படும். இனி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். சில பெட்டைகளின் சீம்பாலில் தம் குட்டியின் குருதியணுக்களையே அழிக்கும் பொருள் சுரப்பதுண்டு. குட்டி நலமாகவே பிறக்கும், எழும், ஆவலோடு குடிக்கும், ஓரிரு நாளில் வெளிறி, சோர்ந்து, இறந்தும் போகும். குடித்ததனால் ஒப்பந்தம் நிறைவேறிற்று. குடித்ததனாலேயே குட்டி மாண்டது! முந்தைய ஈற்றில் இவ்வாறு நேர்ந்ததை உரிமையாளர் ஒருவரே அறிவார். குத்தகைக்கு எடுத்தவர் கேட்கவில்லை, இவரும் கூறவில்லை. இவர் குற்றவாளியா?

புனித அக்குவினோ தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே தம் இறையியல் தொகுப்பில் இத்தகைய வினாவைக் குதிரையை முன்வைத்தே ஆராய்ந்தார். ஒற்றைக் கண் குதிரையின் குறை எவர்க்கும் தெரியும். உரிய அளவு விலையைக் குறைத்தவர் அதனை வாய்திறந்து கூறக் கடன்பட்டவரல்லர். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென விற்று, மறைந்துள்ள குறையை வெளியிடாதவரோ வஞ்சகம் செய்தவராவார். சீம்பாலின் நஞ்சு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே நம் துணிபு. கேட்கப்படவில்லை என்பது இங்கே விடையாகாது. இருப்பதே தெரியாத ஒன்றைப் பற்றி எவரும் கேட்க இயலாதன்றோ?

தொடக்க நூலில் லாபான், புள்ளியுள்ள ஆடுகள் யாக்கோபுக்குக் கூலி என உடன்பட்ட அன்றே, அவற்றைப் பிரித்துத் தம் புதல்வரிடம் கொடுத்து மூன்று நாள் பயணத் தொலைவில் வைத்தார். ஒப்பந்தத்தின் சொற்களில் எதனையும் அவர் மீறினார் என்பது கடினம். (யாக்கோபும் அந்தக் கலையில் சளைத்தவரல்லர்!)

உண்மையைக் கூறினால் குத்தகைத் தொகை குறையுமே என்பர். குறையலாம், அது நியாயமான குறைவே. குட்டியைக் காப்பதோ அரிதன்று. முதல் ஓரிரு நாள் அதன் வாய்க்குக் கூடு கட்டி, தாயின் சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டு, வேறொரு குதிரையின் சீம்பாலை ஊட்டினால் போதும். உறுதியாகத் தெரியாது, ஐயம் மட்டுமே உண்டு என்பவர் என்ன செய்வது? ஐயத்தையும் கூற வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். ஈற்றுக்குச் சில வாரங்கள் முன்பு செய்யும் குருதிச் சோதனையால் அதனைத் தெளிந்துகொள்ளலாம். ஆனால் கூறினாலன்றி எவரும் அந்தச் சோதனையைச் செய்ய நினைப்பதில்லை.