தராசு சொல்லாதது

பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியில் உடம்புக்கு வேலை இல்லை. வாசலுக்கே கேப் வருகிறது. அலுவலகத்தில் லிஃப்ட். பசித்தால் கைப்பேசியைத் தொட்டால் போதும், பிரியாணி படியேறி வந்துவிடும். இங்குள்ள கோணப்பன அக்ரஹாரமும் தொட்டதோகூரும் ஒரு காலத்தில் உழுது பிழைத்த கிராமங்கள். 1970களின் கடைசியில் கர்நாடக அரசின் மின்னணு நிறுவனமான கியோனிக்ஸ் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. அந்த மண்ணின்மேல் இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

*

ஹைதராபாத்தில் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. நூற்றுக்கு 84 பேரின் கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தது. படித்ததிலிருந்து அந்த எண் மனதை விட்டுப் போகவில்லை. கல்லீரல் கொழுப்பு தொடக்கத்தில் வலிப்பதில்லை. அதனால் யாரும் அவசரப்படுவதும் இல்லை.

*

உணவைக் குறைத்த முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். பெரும்பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் இருப்பாக உள்ள கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே போகின்றன. கொழுப்பு கரைவது அதற்குப் பிறகு, மெதுவாக. வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம். சில மாதங்களில் அதுவும் நின்றுவிடும், ஏனென்றால் இளைத்த உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைவு. பலர் மனம் உடைவது இங்கேதான். ஏறாமல் நிற்பதும் பலன்தான் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

*

மதியம் ராகி உருண்டையான முத்தேயும், பஸ்ஸாரும். கீரையையும் பருப்பையும் வேகவைத்து வடித்த தண்ணீர் சாறாகிறது, வெந்தது பொரியலாகிறது. எதுவும் வீணில்லை. ராகியை மருந்தாகப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கலோரியில் அது அரிசிக்குப் பெரிதும் இளைத்ததல்ல. ஆனால் நார்ச்சத்து உண்டு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஒரு உருண்டையோடு வயிறு போதும் என்கிறது. கூடவே அத்தனை கீரை உள்ளே போகிறது. என் கணக்கில் அந்தக் கீரைதான் பெரிது.

*

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். நம்மைப் போல நடுத்தர வயதில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தினார்கள்: தினமும் அரை மணி நேரமாவது நடை, குறைந்த மாவும் எண்ணெயும், கூடுதல் நார்ச்சத்து. முடிவு 2006இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. ஒழுங்கைக் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு.

வியப்பு இதுதான்: அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு ஏதும் சொல்லாத அந்த ஆண்டுகளில் உள்ளே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. எடை குறைந்தால் இன்னும் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் ஏறி நிற்கும் அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டு மட்டும் சாட்சி அல்ல. இடுப்பு நாடாவும் ஒரு சாட்சி. இந்தியர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை.

*

2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. கேப் இல்லாமல் நிலையத்துக்கு நடக்கிறவர்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் கேட்பது குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம். போக வர நடக்கிற நேரமே அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும், வீட்டுச் சுவரில் கை ஊன்றிச் செய்கிறதாக இருந்தாலும் சரி.

எடை நகராத வாரத்திலும் நடையை நிறுத்தாதீர்கள்.