இயந்திர வாக்கு உரையளவை ஆகுமா?

2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி என்னும் உரையாடு கருவி வெளிவந்தது முதல், வினாவியதற்கு மனிதர்போல் விடை பகரும் இயந்திரங்கள் உலக வழக்கில் நிலைபெற்றுவிட்டன. கடிதம் வரைதற்கும், ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்த்தற்கும், நெடிய நூலைச் சுருக்குதற்கும், பாடத்தில் எழும் ஐயந் தீர்தற்கும் மக்கள் இவற்றை நாடுகின்றனர். இவற்றாற் பயனுண்டு என்பதை மறுப்பாரிலர். ஆயின், இவற்றின் வாக்கை எந்த அளவையின்பாற் படுத்துவது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அளவை ஆறென்றும் பத்தென்றும் பிறர் விரித்தவற்றை அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கியருளினார். இயந்திரம் கூறுவது நாம் கண்டதன்று. ஏதுக்கொண்டு நாம் துணிந்ததுமன்று. சொல்லக் கேட்பதுபோற் றோன்றுதலின் அதனை உரை என்றே பலரும் தம்மையறியாது கொள்கின்றனர். தலையாய உரை முதல்வன் அருளிய ஆகமமே. உலகியலினும், பொருளை உள்ளவாறறிந்து, அறிந்தவாறே வஞ்சமின்றிச் சொல்வோனாகிய ஆப்தன் வாக்கே கொள்ளத்தக்கது. இவ்வியந்திரமோ, மக்கள் எழுதிய அளவிறந்த எழுத்துக்களிற் பயிற்றப்பட்டு, ஒரு தொடரின் பின் எச்சொல் வருதல் இயைபுடைத்து எனக் கணித்துச் சொற்களை அடுக்கிச் செல்வது. மெய் கூறினும் பொய் கூறினும் அதன் தொழில் ஒன்றே. அறிவோன் அதன்கண் இல்லை. ஆகலின் அது வஞ்சகனுமன்று, ஆப்தனுமன்று.

இதற்கு 2023-இல் நியூயார்க் நகரத்து நீதிமன்றில் நிகழ்ந்தது சான்றாகும். வழக்கறிஞர் சிலர் இக்கருவி தந்த முன்தீர்ப்புக்களை ஆராயாது எடுத்துக்காட்டினர். அவற்றுள் 6 எங்கும் இல்லாதன. அத்தீர்ப்பு உண்மையானதோ என்று அக்கருவியையே வினாவ, அஃது ஆமென்றது! நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். கருவியைக் கையாளுதல் குற்றமன்று, மெய்ம்மை தேர்தல் வழக்கறிஞர் கடன் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. ஐயுற்ற பொருளை ஐயத்தின் பிறப்பிடத்திலேயே கேட்டுத் தெளிதல் யாங்ஙனங் கூடும்?

அற்றேல், ஏடும் சடமன்றோ? அதன்கண் எழுதியதை உரையெனக் கொள்ளுதல் எங்ஙனம் எனின், கூறுதும். ஏடு தன்மேல் ஓர் அறிவோன் பொறித்த சொல்லைத் தாங்கி நிற்பது. அச்சொற்குரியோன் உளன், பாட வேறுபாடு நேரினும் பல சுவடிகளை ஒப்புநோக்கி அவன் வாக்கைத் தேறலாம். இயந்திரமோ பலர் சொல்லையும் ஒருங்கே குழைத்து, ஒருவரும் சொல்லாததனைத் தருவது. இல்லாத செய்யுளை ஓர் ஆசிரியர் பெயரால் தருதலும் அதற்கு இயல்பே. அதனை ஆராயாது அச்சிடின், அவ்வச்சே பிற்றைநாளில் அவ்வியந்திரத்திற்குப் பயிற்சிப் பொருளாகவும் கூடும். இங்ஙனம் பொய்க்குப் பொய்யே கரியாய் நிற்கும். வழிவழியாகப் பாடங் காத்துவரும் திருமடங்கள் இதனைக் கருதுக.

இனி, அவ்வாக்கால் வருந் தீங்கு யாரைச் சாரும்? கனடா நாட்டு விமான நிறுவனமாகிய ஏர் கனடா, தன் இணையதளத்தில் விடைகூற வைத்திருந்த கருவி, உறவினர் இறந்தமையாற் செல்வோர்க்குரிய கட்டணச் சலுகைபற்றி ஒரு பயணிக்குத் தவறாக உரைத்தது. அக்கருவி தன் செயற்குத் தானே பொறுப்புடைய தனிப்பொருள் என்னும் வகையில் அந்நிறுவனம் வாதித்தது. 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நடுவர் மன்றம் அவ்வாதத்தைத் தள்ளி, இழப்பீடு தரப் பணித்தது. இது நம் சித்தாந்தத்திற்கும் ஒத்ததே. சடம் வினையை ஈட்டாது; பயனை நுகராது. கருவியை ஏவிய ஆன்மாவே இரண்டிற்கும் உரியது. 'இயந்திரம் கூறிற்று' என்பது வினையினின்று தப்புதற்கு வழியாகாது.

இவற்றினும் பெரிய தீங்கொன்றுண்டு. ஆன்மா பளிங்குபோலச் சார்ந்ததன் வண்ணமாவது. ஓதுதல், கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்னும் நெறியிற் சிந்தித்தலைச் சடத்தினிடம் விட்டவன், தெளிதலை யாண்டுப் பெறுவான்? பிறிதொன்று எழுதிய உரையைத் தன் பெயரால் வெளியிடும் மாணாக்கன் பிறரை ஏய்த்தல் சிறிது. தன் அறிவு விளங்காதொழியத் தன்னை ஏய்த்தலே பெரிது. ஆணவ மறைப்பு நீங்க உழைப்பதை விடுத்து, மறைப்பினுள்ளே இனிது துயில்வானோடு அவன் ஒப்பான்.

ஆகலின் இக்கருவியை முற்றும் விலக்குதலும் வேண்டா. கண்ணும் செவியும் சடமாயினும் அவற்றைக் கொண்டே ஆன்மா அறிகின்றது. அவைபோல இதனையும் புறக்கருவியாக வைத்துச் சொல் தேடவும், பெயர்ப்பின் முதல் வரைவு செய்யவும், பார்வையிழந்தார்க்கு நூலைப் படித்துக் காட்டவும் பயன்கொள்க. அதன் கூற்றை மூலநூலிற் கண்டு தேறுங்காறும் ஐயக்காட்சி என்றே வைக்க. கருவியைக் குருவென்று கொள்ளாமையே வேண்டுவது. குருவாவார் தாம் அறிந்து, நம்மையும் அறிந்து உணர்த்துவார். அவ்விரண்டும் இயந்திரத்தின்பால் இல்லை.

திருச்சிற்றம்பலம்.