அண்டை வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

சமத்துவம் வேண்டாம் என்று இன்றைக்கு யாரும் மேடையேறிச் சொல்வதில்லை. எல்லாரும் வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். சரி, சமத்துவம் வந்தால் நீ எதை விடப்போற என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் அன்பு, நல்லிணக்கம், சகோதரத்துவம் என்று வேறு சொற்கள் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒடுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து நிற்கிறேன் என்று ஆதிக்கத் தரப்பிலிருந்து ஒருவர் வரும்போது அவரை எதை வைத்து எடைபோடுவது? இந்தக் கேள்வியை இஸ்ரேலில் யூதக் குடிமக்களுக்கும் அரபுக் குடிமக்களுக்கும் இடையே சமத்துவம் கேட்டு அடிமட்டத்தில் வேலை செய்கிற அமைப்புகளை முன்வைத்துப் பேச விரும்புகிறேன்.

பாலஸ்தீனம் என்றால் காசாவும் மேற்குக் கரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இஸ்ரேலுக்குள்ளேயே, அந்த நாட்டுக் குடியுரிமையோடும் ஓட்டுரிமையோடும், 1948 போருக்குப் பிறகு மிஞ்சிய பாலஸ்தீன மக்களின் சந்ததி வாழ்கிறது. கிழக்கு ஜெருசலேம் மக்களையும் சேர்த்துக்கொண்டு அரசு போடுகிற கணக்கில் அரபு மக்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அரசு அவர்களை 'இஸ்ரேலிய அரபுகள்' என்கிறது. அவர்களில் பலர் தங்களை 'இஸ்ரேலின் பாலஸ்தீனக் குடிமக்கள்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பெயர் வைக்கிற அதிகாரம் யாருக்கு என்பதிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது. நமக்கு இது புரியாத விஷயமில்லை.

1948-இல் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில் மதம், இனம், பால் பாராமல் குடிமக்கள் அனைவருக்கும் முழுமையான சமூக, அரசியல் சம உரிமை தரப்படும் என்று இஸ்ரேல் வாக்களித்தது. 1949-இல் நடந்த முதல் தேர்தலில் அரபுக் குடிமக்களும் ஓட்டுப் போட்டார்கள். அதே ஆண்டுகளில் அவர்கள் வாழ்ந்த பகுதிகள் ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தன. ஓட்டுப் போடலாம், ஆனா பக்கத்து ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கணும். இந்த நிர்வாகம் 1966 வரைக்கும் நீடித்தது. ஓட்டில் சமம், வாழ்வில் சமமில்லை என்கிற முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தது இந்தியாவைப் பற்றி. அந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பல நாடுகளின் முகம் தெரிகிறது.

முரண்பாட்டின் அடியில் கிடப்பது நிலம். 1948-க்குப் பிறகு அரபு மக்களின் நிலங்கள் பல சட்டங்களின் வழியாக அரசின் கைக்குப் போயின. 1976 மார்ச் 30 அன்று, கலிலேயப் பகுதியில் நிலம் பறிக்கும் அறிவிப்பை எதிர்த்துப் பொது வேலைநிறுத்தம் நடந்தது. போலீசும் ராணுவமும் ஆறு பேரைக் கொன்றன. அந்த நாள் இன்றும் 'நில நாள்' என்று நினைவுகூரப்படுகிறது. யூதர்களுக்காக நூற்றுக்கணக்கான புதிய ஊர்கள் நிறுவப்பட்ட காலத்தில், அரபுக் குடிமக்களுக்கென்று அரசு நிறுவியவை பெரும்பாலும் நெகேவ் பாலைநிலத்துப் பெதுயின் மக்களை அவர்கள் நிலத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து அடைத்த நகரியங்கள்தாம். போக மறுத்தவர்களின் ஊர்கள் பல இன்றும் அரசு அங்கீகரிக்காத ஊர்கள். அல்-அராகிப் என்ற ஊர் 2010-இலிருந்து இருநூறு தடவைக்கு மேல் இடிக்கப்பட்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆதில் கஅதான் என்பவர் பாகா அல்-கர்பிய்யா என்ற அரபு ஊர்க்காரர். மருத்துவமனையில் செவிலியராக வேலை. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமும் குடும்பத்துக்கு வசதியான வீடும் வேண்டும் என்று, 1995-இல் கட்சிர் என்ற ஊரில் மனை கேட்டார். கட்சிர் 1982-இல் அரசு நிலத்தில் யூத முகமை என்ற நிறுவனம் உருவாக்கிய ஊர். அரபுக்காரருக்கு மனை கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். அவருக்காக 1972-இல் தொடங்கப்பட்ட இஸ்ரேல் குடிமை உரிமைச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை நடத்தியவர்கள் யூத வழக்கறிஞர்கள். 2000 மார்ச் 8 அன்று தலைமை நீதிபதி அஹரோன் பராக் தலைமையில் தீர்ப்பு வந்தது. அரசு தன் கையால் செய்யக் கூடாத பாரபட்சத்தை வேறொரு நிறுவனத்தின் கையில் நிலத்தைக் கொடுத்தும் செய்யக் கூடாது என்பது அதன் சாரம்.

தீர்ப்பு வந்தால் மனை வந்துவிடுமா? வரவில்லை. இழுத்தடித்தார்கள். 2004-இல்தான் அரசு மனை ஒதுக்க இசைந்தது. ஒரு மனைக்கு ஒன்பது வருஷம்.

அதற்குள் எதிர்த்தரப்பு வேறு வழி கண்டுபிடித்தது. சிறு ஊர்களில் 'சேர்க்கைக் குழு' என்று ஒன்று உண்டு. புதிதாகக் குடிவர விரும்புகிறவரை அழைத்து விசாரித்து, இவர் நமக்கு ஒத்துவருவாரா என்று தீர்மானிக்கிற குழு. சக்னின் என்ற அரபு நகரைச் சேர்ந்த கட்டடக்கலைத் தம்பதி ஒன்றை ரகேஃபெத் என்ற ஊரின் குழு 'சமூக ரீதியாகப் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பியது. 2011 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு மனை கொடுக்கச் சொன்னது. அதே 2011-இல் நாடாளுமன்றம் இந்தக் குழுக்களுக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்துவிட்டது. நெகேவிலும் கலிலேயாவிலும் 400 குடும்பங்கள் வரையுள்ள ஊர்களில், ஊரின் 'சமூக, பண்பாட்டு இழைமைக்கு'ப் பொருந்தாதவரைக் குழு மறுக்கலாம். இனம், மதம் காட்டி மறுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது! காரணத்தை வாயால் சொல்லாதே, அவ்வளவுதான். 2014-இல் சட்டத்தை எதிர்த்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. 2023-இல் 400 என்பது 700 ஆனது.

'பண்பாட்டு இழைமை' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சாதியைக் கேட்காமல் 'சைவமா, அசைவமா' என்று கேட்டு வீடு இல்லை என்கிற வாசல்களில் நின்ற நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லாடலுக்கு உரை தேவையில்லை. அதற்காக இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே நடப்பது நாடு பறிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கும் பறித்த அரசுக்கும் இடையிலான வழக்கு. இங்கே நடப்பது தீட்டின் வழக்கு. நம் அளவுகோலை அப்படியே தூக்கி அங்கே வைத்தால் இரண்டு பேருக்கும் அநியாயம். ஆனால் அண்டை வீட்டுக்காரன் யார் என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்கிற அந்த உரிமை இரண்டு இடத்திலும் ஆதிக்கத்தின் கடைசிக் கோட்டையாக இருக்கிறது.

இந்தக் கோட்டையைத் தொடாமலே சமத்துவ வேலை செய்ய முடியும். இரண்டு தரப்பையும் ஒரு நாள் கூட்டிவைத்து, சேர்ந்து சாப்பிட்டு, பாட்டுப் பாடி, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விடலாம். நம்மூர் சமபந்தி போஜனம் மாதிரி. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சாயங்காலம் தெருவில் பக்கத்தில் குடிவர முடியாது. சமபந்தியால் சாதி சாகாது என்று பாபாசாகேப் 1936-லேயே எழுதிவிட்டார். யூதர்களும் அரபுகளும் விரும்பிச் சேர்ந்து வாழ்கிற நெவே ஷாலோம், அரபியில் வாஹத் அல்-ஸலாம், என்ற ஊரில் 1979-இல் அமைதிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே இரு தரப்பையும் சந்திக்கவைத்து வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்திலேயே இதைக் கண்டார்கள். தனி மனிதர்கள் நண்பர்களானால் போதும் என்ற முறையைக் கைவிட்டு, இரு குழுக்களுக்கும் இடையிலுள்ள அதிகார வித்தியாசத்தை நேருக்கு நேர் பேசவைக்கிற முறைக்கு வந்தார்கள். நட்பு பொய் என்பதற்காக அல்ல. நட்பு உண்மையாகவே இருந்தாலும் நிலப்பட்டா மாறுவதில்லை என்பதற்காக.

வேறு மாதிரி வேலையும் நடக்கிறது. 1991-இல் தொடங்கிய சிக்குய் என்ற அமைப்பை (2021-இலிருந்து சிக்குய்-உஃபுக்) ஒரு யூதரும் ஓர் அரபும் சேர்ந்து தலைமை ஏற்று நடத்துவது வழக்கம். அவர்கள் அரசின் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாக வாசிக்கிறார்கள். ஒரு திட்டத்துக்கு அரசு ஒரு பங்கு தரும், உள்ளாட்சி ஒரு பங்கு போட வேண்டும் என்று விதி இருக்கும். பார்த்தால் நியாயமான விதி. தொழிற்பேட்டையும் வரி வருமானமும் இல்லாத அரபு உள்ளாட்சி அந்தப் பங்கைப் போட முடியாது. அதனால் அரசின் பங்கும் வராது. யாரும் யாரையும் திட்டவில்லை. இப்படிப்பட்ட விதிகளைத் தோண்டி எடுத்து, அமைச்சகத்தில் போய் உட்கார்ந்து மாற்றச் சொல்வது அவர்கள் வேலை. 2015 டிசம்பரில் வந்த 922-ஆம் எண் அரசுத் தீர்மானம், பல துறைகளில் அரபுச் சமூகத்துக்கு மக்கள்தொகை விகிதப்படி பங்கு ஒதுக்கும் ஐந்தாண்டுத் திட்டமாக அமைந்ததில் இத்தகைய அமைப்புகளின் உழைப்பும் உண்டு. அதாலா என்ற சட்ட மையம் 1996-இலிருந்து நீதிமன்றங்களில் போராடுகிறது. இரு மக்களும் வாழ்கிற நகரங்களின் தெருப்பலகைகளில் அரபி எழுத வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அதாலாவும் குடிமை உரிமைச் சங்கமும் போட்ட வழக்கில் கிடைத்தது. தெருப்பலகை சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தன் மொழி இல்லாத தெருவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்க்கணும்.

யூதர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. அரபு நாடுகளிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மிஸ்ராஹி யூதர்களை ஐரோப்பிய யூதர்கள் தாழ்வாகவே நடத்தினார்கள். 1971-இல் ஜெருசலேமின் முஸ்ராரா பகுதி இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். இருவருக்கும் பெயர் வந்தது அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து. இஸ்ரேல் சிறுத்தைகளில் ஒருவரான சார்லி பித்தோன் 1977-இல் யூதர்களும் அரபுகளும் சேர்ந்த ஹதாஷ் முன்னணியில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆனால் மிஸ்ராஹி மக்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போகவில்லை. அதே 1977-இல் அவர்கள் வலதுசாரிக் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். தன்மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிற வலி, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலில் மறந்துபோகிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஆனால் ரகேஃபெத் வழக்கில் மிஸ்ராஹி அமைப்பு ஒன்றும் மனுதாரராகச் சேர்ந்தது. அரபுக்காக வைத்த வடிகட்டியில் தாங்களும் சிக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். வாசிப்பு வட்டங்களில் மாணவர்கள் என்னிடம் நேராகவே கேட்கிறார்கள்: "தோழர், மேற்குக் கரையை ஆக்கிரமிச்சு, காசாவை அழிச்ச நாட்டுக்குள்ள இருந்துகிட்டு பஸ்சுக்கும் பலகைக்கும் சமத்துவம் கேக்கறது ஏமாத்து வேலை இல்லையா?" நியாயமான கேள்வி. 2018 ஜூலையில் இயற்றிய தேசிய அரசுச் சட்டம், அந்நாட்டில் தேசியத் தன்னுரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று அடிப்படைச் சட்டமாகவே சொல்லிவிட்டது. அரபி அதுவரை ஆட்சிமொழி. அதன்பின் 'சிறப்புத் தகுதி' பெற்ற மொழி. யூதக் குடியேற்றத்தை வளர்ப்பது தேசிய விழுமியம் என்றும் எழுதிவைத்தார்கள். சட்டமே இப்படிச் சொன்ன பிறகு, அந்த வீட்டுக்குள் சமத்துவம் கேட்பது யாரிடம்?

'சேர்ந்து நிற்போம்' என்ற இயக்கம் 2015-இல் தொடங்கியது. யூதர்களும் அரபுகளும் சேர்ந்து நடத்துவது. 2023 அக்டோபருக்குப் பிறகு, அரபுக் குடிமக்கள் சமூக ஊடகத்தில் ஒரு வரி எழுதியதற்கே வேலையும் படிப்பும் பறிபோன நாட்களில், போரை நிறுத்து என்று இரு மொழியிலும் குரல் கொடுத்தவர்கள் இவர்கள். 2024 மே மாதம் காசாவுக்கு உணவு கொண்டுபோன லாரிகளைத் தீவிர வலதுசாரிகள் மறித்துச் சூறையாடியபோது, தர்குமியா சோதனைச் சாவடியில் போய் இடையில் நின்றார்கள். அதே இயக்கத்தை 2024 ஜனவரியில் பாலஸ்தீனப் புறக்கணிப்பு இயக்கத்தின் ஒரு பிரிவு கடுமையாக விமர்சித்தது. ஒடுக்குமுறையைச் சகஜமாக்குகிற வேலை என்றது, ஒதுக்கச் சொன்னது.

நான் என்ன நினைக்கிறேன்? ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் கூட்டாளியைச் சந்தேகப்படுகிற உரிமையை யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தச் சந்தேகம் அவர்கள் பட்ட அனுபவத்தின் சேமிப்பு. காசாவில் வீடிழந்தவரிடம் போய், அந்த ஊரில் நல்ல யூதர்களும் இருக்கிறார்கள் என்று நாம் பாடம் நடத்தக் கூடாது. அதே சமயம், குடியுரிமை என்ற வேலிக்குள் அகப்பட்ட அரபுத் தாய்க்குப் பள்ளிக்கூடமும் பஸ்சும் நாளைக் காலையிலேயே வேண்டும். முழு விடுதலை வருகிற வரைக்கும் பிள்ளை படிக்காமல் இருக்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் வெளியே சௌகரியமாக இருப்பவர்கள்.

ஆகவே நான் வைக்கிற சோதனை ஒன்றுதான். வலுத்த தரப்பிலிருந்து வருகிறவர் எதை இழக்கத் தயாராக வந்திருக்கிறார்? இளைத்தவனின் துன்பத்தைப் பார்த்துக் கண்ணீர் விட எதையும் இழக்க வேண்டியதில்லை. கட்சிர் வழக்கை நடத்திய யூத வழக்கறிஞர்கள் கேட்டது வேறு: தங்கள் சமூகம் அதுவரை அனுபவித்துவந்த தேர்ந்தெடுக்கும் உரிமையை நீதிமன்றம் பிடுங்க வேண்டும் என்றார்கள். சிக்குய் கேட்கிற விகிதாச்சாரப் பங்கு, இதுவரை அதிகம் வாங்கிய கையிலிருந்துதான் வர வேண்டும். லாரிக்கு முன்னால் நின்றவர்கள் தங்கள் சொந்த மக்களிடம் துரோகி என்ற பட்டத்தை வாங்கினார்கள். இந்த வேலைகள் சின்னவையாக இருக்கலாம், தோற்கவும் செய்யலாம். சேர்க்கைக் குழு விஷயத்தில் தோற்றுக்கொண்டும் இருக்கின்றன. ஆனாலும் இவை சமத்துவ வேலைகள்தாம். சேர்ந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

குடிமைச் சமத்துவம் வேலிக்குள் மட்டும் நின்றுவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் ஊரில் அரபுக்காரர் குடிவரலாம் என்று ஒப்புக்கொள்கிற யூதருக்கு அடுத்த கேள்வி காத்திருக்கிறது: அவருடைய உறவினர்கள் ஏன் வேலிக்கு அப்பால் முகாமில் இருக்கிறார்கள்? அந்தக் கேள்வியில் நின்றுவிடுகிறவரும் உண்டு, நடந்துபோகிறவரும் உண்டு. நடக்கிற தூரம் வரைக்கும் அவர் தோழர்.

நம் போராட்டங்களுக்கும் ஆதரவுக் கரம் நீட்டிப் பலர் வருகிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் பாட்டை ரசிக்கிறார்கள், நம் எழுத்தைப் படித்துக் கலங்குகிறார்கள், நம் வீட்டில் சாப்பிட்டதை எழுதுகிறார்கள். அவர்களிடம் கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்கள் தெருவில் காலி மனை இருக்கிறதா? இருந்தால், அதை யாருக்கு விற்க உங்கள் தெரு விடும்? விடாது என்றால், தெருவோடு நீங்கள் எப்போது சண்டை போடப்போகிறீர்கள்?