தேயும் தகடு

குடுமியான்மலையிலிருந்து எங்கள் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதையில் ஓரிடத்தில் பாறை முதுகு காட்டிக் கிடக்கிறது. கோடையில் கண்ணுக்குத் தெரியும். மழை பெய்து செம்மண் சேறு மூடிவிட்டால் தெரியாது; வண்டியின் அடிவயிற்றில் இடித்த பிறகுதான் தெரியும். எங்களிடம் இருப்பது நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப். என்ஜின் ஆயில் நிற்கும் சம்ப்புக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்று முன்பே இருந்தது. பட்டறையில் அதை சம்ப் கார்டு என்பார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கியர் பாக்ஸுக்கும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் காவல் ஏதும் கிடையாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துப் போன பிறகு, விழுந்த மரங்களை அறுத்து எடுத்ததில் மிஞ்சிய அடிக்கட்டைகள் புல்லுக்குள் ஒளிந்து கிடந்தன. பின்பக்கத்துக்கும் ஒரு தகடு வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம்.

இரும்பிலேயே போட்டிருக்கலாம். ஆனால் பழைய வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் சுமை. அறுபது சென்டிமீட்டருக்கு ஐம்பது என்று அளந்தால், மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏழு கிலோ வருகிறது. அதே அளவில் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு ஐந்து கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. எடை குறைந்தும், கனம் இரட்டிப்பானதால் வளைவதற்கு அது இரும்பைவிட இரண்டரை மடங்குக்கு மேல் முரண்டு பிடிக்கும். மேற்பரப்பு மட்டும் மென்மை. கல் உரசினால் இரும்பில் கீறல் விழும் இடத்தில் அலுமினியத்தில் பள்ளம் விழும். அதைத் தெரிந்துதான் வாங்கினோம்.

ஓடு வேய்கிற முறையில்தான் இரண்டையும் இணைக்க வேண்டும். முன்தகட்டின் பின்விளிம்பு கீழே, பின்தகட்டின் முன்விளிம்பு அதன் மேலே. மாற்றி வைத்தால் எதிரே வரும் கல் விளிம்பில் மாட்டிக்கொண்டு தகட்டையே உரித்துவிடும். போல்ட்டின் தலை தகட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஆயில் இறக்கும் இடத்துக்கு நேரே ஒரு துளை, சேற்றுத்தண்ணீர் வடிய சில துளைகள். போல்ட் ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் சற்றே நீளவாக்கில் போட வேண்டும்; சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்து முடித்த பட்டறைக்காரர் கடைசியில் ஒன்று சொன்னார்.

"தம்பி, ரெண்டும் நேரா ஒட்டக் கூடாது. நடுவுல ஏதாச்சும் குடுக்கணும். நைலான் வாஷர் வந்ததும் மாட்டிக்குவோம்."

"சரிண்ணே, அப்புறம் வர்றேன்" என்று சொல்லி வண்டியை எடுத்து வந்துவிட்டேன். அந்த அப்புறம் ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் கோட்டைப்பட்டினம் கடற்கரைக்கு நாலைந்து முறை போய் வந்தோம்.

தகட்டைக் கழற்றிப் பார்த்த அன்று, இரண்டு உலோகங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த இடத்தில் அரிசி மாவு கொட்டியதுபோல் வெள்ளைப் பொடி. கட்டைவிரலால் அழுத்தினால் அலுமினியம் உதிர்ந்தது. ஓட்டைகளைச் சுற்றி ஓரம் அரித்திருந்தது. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு, அந்த இடத்தில் மட்டும், துரு அதிகம் ஏறாமல் இருந்தது. வெகுநேரம் அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றேன்.

காரணம் பள்ளிப் பாடத்தில் வருவதுதான். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால், அந்த இடம் ஒரு சின்ன பாட்டரி ஆகிவிடுகிறது. இரண்டில் எளிதாக எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பது எதுவோ, அது கரையும். மற்றது பிழைக்கும். இரும்புக்குப் பக்கத்தில் அலுமினியத்தை வைத்தால் கரைவது அலுமினியம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதன் மறுபாதி தெரிந்திருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் நேராகப் புளியைக் கரைத்து ஊற்றினால் களிம்பு ஏறும். அதனால்தான் ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் அடுக்களையிலிருந்து பாத்திரங்கள் வாசலுக்கு வந்தன. ஒத்துப்போகாத இரண்டுக்கும் நடுவில் தாளைவிட மெல்லிய ஒரு பூச்சு. அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து மறுபடி பூச வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பட்டறைக்காரர் சொன்ன அந்த நடுப்பொருளின் அருமையை, கடலோடிகள் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1761-ல் அலாரம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மர அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு போர்த்தினார்கள். மரத்தைத் துளைக்கும் புழுவிலிருந்து கப்பலைக் காக்கத்தான். இரண்டு ஆண்டு கழித்துக் கரையேற்றிப் பார்த்தபோது செம்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கூழாகிப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் கெடவில்லை. தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவே தற்செயலாக ஒட்டிக்கொண்டு மிஞ்சியிருந்தது. ஒரு போர்க்கப்பலின் அடியில், பொட்டலம் கட்டும் தாள் செய்த வேலை அது.

அந்தக் கதையின் அடுத்த பகுதியைத்தான் நான் பல நாள் யோசித்தேன். செப்புத் தகடும் கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருந்தது. தகடு மாற்றும் செலவு கடற்படையை உறுத்தியது. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். செம்போடு கொஞ்சம் இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்துப் பொருத்துங்கள்; அது கரையும், செம்பு கரையாது. சொன்னபடியே நடந்தது. செம்பு கரைவது நின்றது. ஆனால் அதுவரை சுத்தமாக இருந்த கப்பலடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கரைந்துகொண்டிருந்த செம்பின் நஞ்சுதான் அத்தனை நாளும் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. தகடு தேயாமல் நின்றதும் காவலும் நின்றுபோயிற்று. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

இதைப் படித்த பிறகு, கையில் உதிர்ந்த அந்த வெள்ளைப் பொடியைப் பற்றி எனக்கு இருந்த எரிச்சல் போய்விட்டது. தகடு தேய்ந்தது அதன் குற்றம் அல்ல. கல்லில் இடிபட்டுப் பள்ளம் விழுந்ததும், தண்ணீரில் கரைந்ததும், இரண்டும் காவலின் வேலைதான். காப்பது என்றால், வர இருந்த காயத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. காயமே படாத காவல் என்று ஒன்று இருக்குமானால், அது இன்னும் வேலைக்கே வரவில்லை என்று பொருள்.

குடுமியான்மலையில் இருந்துகொண்டு இதைக் கப்பல் கதையில் போய்த் தெரிந்துகொண்டேனே என்று பிறகுதான் உறைத்தது. இங்கே வெளியூரார் வருவது பெரும்பாலும் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்க்க. ஊருக்குப் பெயர் வந்த கதை வேறு. சுவாமிக்குச் சாத்த வேண்டிய பூவை அர்ச்சகர் ஒருவர் தன் அன்புக்குரியவள் தலையில் சூட்டிவிட்டார். எதிர்பாராமல் அரசன் வந்து நிற்க, பதறிப்போய் அதே பூவை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு முடி இருந்தது. ஏது இது என்று கேட்ட அரசனிடம், சுவாமிக்குக் குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார். காட்டு என்றான் அரசன். போய்ப் பார்த்தால் லிங்கத்தின் உச்சியில் குடுமி இருந்தது. திருநலக்குன்றம் என்ற பழைய பெயர் கல்வெட்டோடு நின்றுவிட, இன்றும் சிகாநாதர், குடுமிநாதர் என்றே கும்பிடுகிறோம்.

சிறு வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் பொய்யைக் கடவுள் ஏன் காப்பாற்றினார் என்று தோன்றும். இப்போது வேறு விதமாகப் படுகிறது. அவர் பொய்யை மெய் என்று ஆக்கவில்லை. பயந்து நின்ற ஒருவனுக்கு விழ இருந்த பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதன் அடையாளமாக, வழவழப்பாக இருக்க வேண்டிய லிங்கத்தில் ஒரு புடைப்பு நின்றுவிட்டது. நாம் தீபாராதனையில் பார்ப்பது அந்த வடுவைத்தான்.

ஆனால் கடவுளின் வடுவுக்குத் தினமும் தீபம் காட்டுகிறோம். நம்மைக் காக்கும் மற்றவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேய்கின்றன. கண்மாய்க் கரையின் உட்சரிவில் அலைகல் பதித்திருப்பார்கள். தண்ணீர் நிறைந்த நாட்களில் அலை மண்கரையை அறுக்காமல் அந்தக் கல்தான் அடியை வாங்குகிறது. அது வருஷா வருஷம் சரியும். நீர் வற்றியதும் ஊரே கூடி அதை எடுத்து அடுக்கியதும் குடிமராமத்து வேலைகளில் ஒன்று. 2017-ல் அரசு அதே பெயரில் கண்மாய் வேலையை மறுபடி தொடங்கியது, வரவேற்றேன். என்றாலும் கரைமேல் நடந்து, குனிந்து, எந்தக் கல் சரிந்திருக்கிறது என்று பார்ப்பது ஊர்க்காரனின் வேலை. அதை யாரும் நமக்காகச் செய்து தர முடியாது. வீட்டிலும் இப்படித் தேய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் நாம் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் ஜீப்பில் இரும்பின் மேல் ரெட் ஆக்சைடு பிரைமரும் பெயின்ட்டும் இருக்கின்றன. அலுமினியத்துக்கு மட்டும் பூசி இரும்பை விட்டுவிட்டால், பூச்சில் விழும் சின்னக் கீறலில் அரிப்பு முழுவதும் குவிந்து தகட்டைத் துளைத்துவிடும். அதனால் இரும்பைக் கட்டாயம் பூச வேண்டும். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் நைலான் குழாய், தகடுகளுக்கு நடுவே நைலான் வாஷர். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை தகட்டைக் கழற்றி, சேற்றைக் கழுவி, காயவைத்து மாட்டுகிறோம். அரை நாள் வேலை.

உங்கள் வண்டிக்கு அடியிலும் இப்படி ஒரு தகடு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கை விரித்துப் படுத்து, கழற்றிப் பாருங்கள்.