விழாத பந்து யாருக்கு?

பந்து வளையத்தில் பட்டது. உள்ளே விழவில்லை. தெறித்தது.

இப்போது நீ என்ன செய்கிறாய்?

தலையில் கை வைத்துக்கொண்டு "ச்சே" என்கிறாயா? எறிந்தவனை முறைக்கிறாயா? நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறாயா?

அப்படியென்றால் நீ ஃபார்வர்டு இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவன்!

ஃபார்வர்டு யார் தெரியுமா? கூடைக்கடியில் இடிபட்டுக்கொண்டு நிற்பவன். முழங்கை விலாவில் குத்தும். முழங்கால் தொடையில் ஏறும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பந்து தவறப்போகும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பவன்.

பார்க்கிறவர்கள் "போச்சு" என்கிறபோதுதான் அவனுக்கு வேலையே ஆரம்பம். தெறித்த பந்தைப் பிடிப்பதற்கு ஆட்டக்காரர்கள் ரீபவுண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதிரணியின் கூடைக்கடியில் அந்தப் பந்தைப் பிடித்துவிட்டால் மறுபடி எறிய விதிப்படி உனக்குப் புதிதாக 14 விநாடி. தவறிப்போன பந்துக்கு! வேறு எந்தப் பரீட்சையில் இப்படிக் கொடுக்கிறார்கள்?

"தேர்வாய் கண்டிகையில் இருந்துகொண்டு கூடைப்பந்தா?" என்று சிரிக்கிறாய். தெரியும். "சிப்காட் இருக்கு சார், டயர் கம்பெனி இருக்கு, லாரி இருக்கு. ஆடுறதுக்குத் தரை எங்கே?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை உன் மேல் எறிய மாட்டேன். கூடமே இல்லாதவனிடம் கோணலைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

தொழிற்சாலைகளுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் கிடைக்கிறது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒரு சிமென்ட் தரை. அது கிடைக்கவில்லை என்றால் கோபம் வரத்தான் வேண்டும். கேள்! மனு கொடு! கிராம சபையில் எழுந்து நில்!

ஆனால் தரை வரும்வரை உட்கார்ந்தே இருக்கப்போகிறாயா?

ஏரிக்கரைக்குப் போய்ப் பார். தேர்வாய் கண்டிகை ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் சேர்த்து நீர்த்தேக்கம் ஆக்கினார்கள். 2020 நவம்பரில் திறந்தார்கள். 500 மில்லியன் கன அடி. யாருக்கு? சென்னையின் தாகத்துக்கு!

உன் ஊர்த் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நீ போக மாட்டாயா?

கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறு. சென்ட்ரலில் இறங்கு. பக்கத்தில் பெரியமேடு, அங்கே நேரு விளையாட்டரங்கம். இன்னும் என்ன தூரம்?

"நான் குட்டை சார்."

அட! சார்லஸ் பார்க்லி என்று ஓர் ஃபார்வர்டு. அலபாமாவில் லீட்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். பள்ளி நாளில் முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. உடம்பு குண்டு. என்ன செய்தார்? வேலியைத் தாண்டித் தாண்டிக் குதித்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்!

ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, அங்கிருந்து அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போனார். 1986-87 பருவத்தில் மொத்த லீகிலும் அதிக ரீபவுண்ட் சராசரி அவருடையது. ஆட்டத்துக்கு 14.6! ஆறரை அடி என்று ஏட்டில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அதைவிடக் குறைவு. உனக்கும் எனக்கும் அது பனைமர உயரம்தான். ஆனால் ஏழடிக்காரர்கள் நடுவில் அவர்தான் குட்டை.

வேலி உன் தெருவிலும் இருக்கிறதே. தாண்டினாயா?

"வீட்டில் கஷ்டம். படிப்பை விட்டுட்டேன். இப்போ காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிஞ்சா உடம்பு கேட்கலை."

இதைச் சொல்லும்போது உன் குரல் உடைகிறது. அதனால் இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

1974. லாரி பேர்டு என்ற பையன் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பெரிய வளாகம். ஏழை வீட்டுப் பையன். மிரண்டுபோனான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டான்.

ஊரில் என்ன வேலை? நகராட்சிக் குப்பை லாரியில் வேலை!

நீயாக இருந்தால் அங்கேயே கதையை முடித்திருப்பாய். "எனக்கு ராசியில்லை" என்று எழுதி ஒட்டியிருப்பாய்.

அவன் அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியில், இந்தியானா ஸ்டேட்டில், மறுபடி சேர்ந்தான். ஃபார்வர்டாக நின்றான். 1979-ல் அந்த அணி தொடர்ந்து 33 ஆட்டம் வென்று இறுதிப் போட்டிக்கு வந்தது.

வந்து தோற்றது! 75-க்கு 64. அன்று பேர்டு எறிந்தது 21. விழுந்தது 7. தவறியது 14!

நாடே பார்த்துக்கொண்டிருக்க, துண்டில் முகத்தைப் புதைத்து அழுதான். அழட்டும். மீசையில் மண் ஒட்டவில்லை என்று பொய் சொல்லவில்லையே! ஒட்டிய மண்ணோடு எழுந்தான்.

அன்று அவனைத் தோற்கடித்தவர் மேஜிக் ஜான்சன். 1984-ல் என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் அதே ஜான்சனின் லேக்கர்ஸ் எதிரே நின்றது. பேர்டின் பாஸ்டன் செல்டிக்ஸ் ஏழாவது ஆட்டம்வரை இழுத்துப்போய் வென்றது. இடையில் ஐந்து வருடம். ஒரு ரீபவுண்டுக்கு அவ்வளவு காலமும் ஆகும். காத்திருக்கத் தெரியுமா உனக்கு?

"அது அமெரிக்கா சார்."

வா, சென்னைக்கே வா.

அனிதா பால்துரை. 1985-ல் பிறந்த சென்னைப் பெண். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி! 19 வயதில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கூச்சப்படாதே, நானும் ஒன்றும் செய்யவில்லை.

தெற்கு ரயில்வேயில் வேலை. ஆட்டம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்.

ஆசிய சாம்பியன்ஷிப்பில் மட்டும் ஒன்பது முறை ஆடினார். ஒன்பது! அந்த ஒன்பது முறையும் முதல் நிலைக் கோப்பையைத் தூக்கியது யார்? சீனா, கொரியா, ஜப்பான். ஒருமுறைகூட இந்தியா இல்லை.

இதை இரண்டு தடவை படி.

கோப்பை நமக்கு வராது என்று ஊர் உலகம் எல்லாம் சொல்லும் போட்டிக்கு, ஒருத்தி ஒன்பது முறை பை கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். ஒன்பது முறையும் முட்டி தேய ஓடுகிறாள். நீ ஒரே ஒரு நேர்முகத் தேர்வில் கழற்றிவிடப்பட்டதற்கு ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறாய்!

தாயான பிறகும் திரும்பி வந்தார். 2017 ஜூலை, பெங்களூரு. அதே ஆசியப் போட்டி, ஆசியக் கோப்பை என்ற பெயரில். அதன் இரண்டாம் நிலையான பி பிரிவில் இறுதிப் போட்டி. எதிரே கஜகஸ்தான். வயது 32. முடிவு என்ன? இந்தியா 75, கஜகஸ்தான் 73!

இரண்டே புள்ளி. அதாவது ஒரே ஒரு கூடை. அன்று யாரோ ஒருத்தி, ஏதோ ஒரு பந்துக்கு, "போச்சு" என்று நின்றிருந்தால்?

2021-ல் பத்மஸ்ரீ வந்தது. வரட்டும், நல்லது. எனக்கு அந்தப் பட்டத்தைவிட அந்த ஒன்பது பயணங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். "பொண்ணு அரை டிராயர் போட்டு ஆடுறதா?" என்று கேட்கிற பெரியம்மாவிடம் இந்தக் கதையைச் சொல். ரயில்வே வேலை என்ற இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல். பெரியம்மாக்களுக்கு அது புரியும்.

இன்னும் என்ன மிச்சம்? "ரிங் இல்லை. போர்டு இல்லை." அதுதானே?

1891-ல் இந்த ஆட்டம் பிறந்தபோதும் ரிங் இல்லை! ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடை இரண்டை வாங்கி, உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்தார். அந்த இடம் தரையிலிருந்து பத்தடி. அதனால்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் பத்தடியில் இருக்கிறது.

ஒரு பழக்கூடை. நான்கு ஆணி. கும்மிடிப்பூண்டி சந்தையில் கிடைக்காதா?

எழுந்திரு. வீட்டுப் பின்சுவருக்குப் போ. டேப் பிடித்துப் பத்தடியில் ஒரு கோடு போடு.

இப்போது விரல் நுனியில் அடுப்புக்கரியைத் தடவிக்கொள். குதி! மறுபடி குதி! கை எங்கே தொடுகிறதோ அங்கே கறை விழும். கோட்டுக்கும் கறைக்கும் நடுவே இரண்டடி இருக்குமா? மூன்றடியா?

எவ்வளவோ இருக்கட்டும். கறைக்குப் பக்கத்தில் இன்றைய தேதியை எழுது.